தாயம் விழ எட்டில் ஒன்று

2020 மார்ச் 17-ஆம் தேதி தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது, உத்திரமேரூர் வட்டாரப் பிள்ளைகளுக்கு முழு ஆண்டு லீவு ஒரு மாதம் முந்தியே வந்துவிட்ட கொண்டாட்டம். அடுத்த வாரம் நாடு முழுக்க ஊரடங்கு. ஒன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பரீட்சை எழுதாமலே அத்தனை பேரும் பாஸ் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. அந்த லீவு, ஒன்று முதல் எட்டு வரை படிக்கிறவர்களுக்கு, 2021 நவம்பர் 1 அன்றுதான் முடிந்தது. 2019 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை மறுபடி வகுப்பறைக்குள் கால் வைத்தபோது அது மூன்றாம் வகுப்பு. இடையில் இரண்டு கோடைகள் முழுசாகக் கழிந்திருந்தன.

மானாம்பதி, பெருநகர், சாலவாக்கம் என்று எந்தப் பக்கத்து வீட்டிலும் அப்போது ஒரே புலம்பல்தான். பிள்ளையை வெளியே விட்டால் கொரோனா பயம். உள்ளே அடைத்தால் கையில் போன். அப்பா ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார், அம்மா வேர்க்கடலை பறிக்கப் போய்விடுவார், வீட்டில் ஆயாவும் பேரப்பிள்ளைகளும். இந்தக் கூட்டணியை எப்படிப் பத்திரமாகவும் சலிக்காமலும் மாலை வரை ஓட்டுவது?

பயந்ததில் தவறில்லை. பயத்தை அளக்காமல் விட்டதுதான் கோளாறு. 'ஆபத்து உண்டு', 'ஆபத்து இல்லை' என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு, தெருவில் பாண்டி ஆடிய பிள்ளையை அதட்டி உள்ளே இழுத்தோம். அதே பிள்ளையை ஜன்னல் சாத்திய கூடத்தில் இருபது உறவினரோடு காதுகுத்துக்கு உட்கார வைத்தோம். எவ்வளவு ஆபத்து, எத்தனை தடவை, யாருக்கு என்று கேட்கத் தெரிந்திருந்தால் அந்தக் கோடை வேறு மாதிரி போயிருக்கும். அப்படிக் கேட்கப் பழக்குகிற விளையாட்டு பரண் மேலேயே இருந்தது. தாயம்.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், நான்காவது வெறுமை. இரண்டையும் உருட்டினால் நான்கை நான்கால் பெருக்கி 16 விதமாக விழலாம். ஒரு கட்டையில் ஒன்று, மற்றதில் வெறுமை என்றால் தாயம். எந்தக் கட்டையில் ஒன்று என்பதைப் பொறுத்து அது இரண்டு விதமாக வரும். ஆக 16-இல் 2, அதாவது எட்டில் ஒன்று. ஆறு விழ இரண்டிலும் மூன்று வர வேண்டும், அதற்கு ஒரே வழி. பன்னிரண்டுக்கு இரண்டும் வெறுமையாக வர வேண்டும், அதற்கும் ஒரே வழிதான். மூன்றுக்கோ நான்கு வழி உண்டு: வெறுமையும் மூன்றும், ஒன்றும் இரண்டும், அவை இடம் மாறினால் இன்னும் இரண்டு. "எனக்கு மட்டும் மூணாவே விழுது" என்று கட்டையை முறைக்கிற பையனுக்கு யாரும் சூனியம் வைக்கவில்லை. நான்கு உருட்டலுக்கு ஒன்று மூன்றாக விழத்தான் செய்யும்.

தாயம் போட்டால்தான் காய் இறங்கும். எட்டில் ஒரு வாய்ப்பு என்றால் எட்டு தடவை உருட்டினால் நிச்சயம் விழுந்துவிடும் என்று மனசு கணக்குப் போடும். அது தப்புக் கணக்கு. ஒரு உருட்டலில் தாயம் விழாமல் போக எட்டில் ஏழு வாய்ப்பு. எட்டு உருட்டலிலும் விழாமல் போக, அந்த எட்டில் ஏழை எட்டு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 34 சதவீதம். மூன்று பேர் ஆடினால் அவர்களில் ஒருவர் எட்டு உருட்டலுக்குப் பிறகும் காய் இறக்காமல் உட்கார்ந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. இருபது தடவை உருட்டியும் விழாமல் போக 7 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பிள்ளைதான் பாதியில் எழுந்து அழுதுகொண்டு போகும். "இவ்வளவு நேரம் விழல, இப்ப விழுந்தே ஆகணும்" என்று அது சொல்லும்போது மெதுவாகத் திருத்தலாம். கட்டைக்கு ஞாபகம் கிடையாது. இருபத்தோராவது உருட்டலிலும் அதே எட்டில் ஒன்றுதான்.

இதே பெருக்கலைத் திருப்பிப் போட்டால் கொரோனா காலத்துப் புத்தி கிடைக்கும். எட்டு உருட்டலில் தாயம் விழாமல் போக 34 சதவீதம் என்றால், ஒரு முறையாவது விழ 66 சதவீதம். சின்ன வாய்ப்பைத் திரும்பத் திரும்ப உருட்டினால் அது பெரிய வாய்ப்பாகிவிடும். ஒரு வைபவத்துக்குப் போனால் தொற்று வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இது பேச்சுக்குச் சொல்கிற எண்தான். 'ஒரு தடவை போனா என்ன ஆயிடும்' என்பது அந்த ஒரு தடவைக்குச் சரி. அப்படி முப்பது இடங்களுக்குப் போனால், ஒரு முறையாவது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 26 சதவீதம். நான்கில் ஒரு பங்குக்கும் மேல். தாயம் எப்படியும் விழும் என்று தெரிந்தவர்கள்தாம் முப்பதாவது கல்யாணத்துக்கும் தைரியமாகப் போனார்கள்.

இன்னொரு பாடமும் அதே கட்டத்தில் உண்டு. உன் காய்க்கு மூன்று கட்டம் பின்னால் எதிராளி நின்றால், அடுத்த ஒரே உருட்டில் வெட்டுப்பட நான்கில் ஒரு வாய்ப்பு. ஆறு கட்டம் பின்னால் நின்றால் பதினாறில் ஒன்றுதான். (ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் கிடைப்பதால் நிஜத்தில் இவை சற்றுக் கூடும்.) எங்கே நிற்கலாம், எங்கிருந்து ஓடி, யாரும் வெட்ட முடியாத மலைக்கட்டத்தில் ஏற வேண்டும் என்று பத்து வயசுப் பிள்ளை நிகழ்தகவு என்ற சொல்லைக் கேள்விப்படாமலே தீர்மானிக்கிறது.

அடுத்த கேள்வி, வெட்டுப்படப் போவது யார் என்பது. தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலத்துத் தரவுகளை உலக அளவில் திரட்டி 2022-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. தொற்றியவர்களில் இறப்பவர் விகிதம் ஏழு வயசில்தான் எல்லாவற்றிலும் குறைவு: 0.0023 சதவீதம், அதாவது 43,000 பேருக்கு ஒருவர் அளவில். அறுபது வயசில் அது நூற்றுக்கு ஒன்று. தொண்ணூறில் ஐந்துக்கு ஒன்று. வீட்டில் உள்ள ஏழு வயசுக்கும் அறுபது வயசுக்கும் நடுவே நானூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே எச்சரிக்கை வேண்டியது முதலில் ஆயாவுக்கு. அங்கேதான் சிக்கல். தாயமும் பல்லாங்குழியும் ஆடக் கற்றுத் தர வேண்டியதும் அதே ஆயாதான். போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டு ஆயாவை உள்ளறையில் தனியே படுக்க வைப்பது ஒரு வழி. இரண்டு பேரையும் திண்ணைக்கு, அல்லது வேப்பமரத்தடிக்குக் கொண்டுவருவது இன்னொரு வழி.

இரண்டாவது வழிதான் ஏன் நல்லது என்பதைக் காற்று சொல்லும். பேசும்போதும் மூச்சு விடும்போதும் வாயிலிருந்து கிளம்பும் துளிகளில் பெரியவை, நூறு மைக்ரானுக்கு மேற்பட்டவை, சில நொடிகளில் தரையில் விழுந்துவிடும். ஐந்து மைக்ரானுக்குக் குறைந்தவை விழ மறுத்து மிதக்கும். காற்றோட்டமில்லாத அறையில் அடுப்புப் புகை மாதிரி அவை நேரம் ஆக ஆகச் சேர்ந்துகொண்டே போகும். வெளியிலோ லேசான காற்றடித்தால் போதும், கலைந்து நீர்த்துப் போய்விடும். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020 இறுதியில் வெளியான ஒரு மதிப்பாய்வில், கொரோனா தொற்றுகளில் திறந்த வெளியில் நடந்தவை 10 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. ஆனால் அந்தச் செய்தி கிராமத்துக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும், ஊர் எல்லையில் வெட்டிப் போட்ட முள்ளும்தான்.

ஊர் விளையாட்டுகளை மூச்சின் கணக்கில் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் மோசம் சடுகுடு. கட்டிப்பிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எதிராளியின் முகத்துக்கு நேரே மூச்சு முட்டப் பாடிக்கொண்டே போகிற ஆட்டம் அது. குரலை உயர்த்த உயர்த்த நுண்துளிகள் அதிகம் வெளியேறுகின்றன என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2019-லேயே, கொரோனாவுக்கு முன்பே, அளந்து சொல்லியிருந்தார்கள். மறுகோடியில் கில்லி. கில்லியில் இடைவெளி விடச் சொல்லி யாரும் வட்டம் போட வேண்டாம். பக்கத்தில் நின்றால் நெற்றி கிழியும் என்பதே போதும். பாண்டி, பம்பரம், கோலி எல்லாம் நடுவில். தாயத்துக்கு நான்கு பேர் நெருங்கி உட்கார வேண்டும், வெட்டு விழுந்தால் தெருவே அதிரக் கத்தவும் வேண்டும். ஆகவே அது மரத்தடி ஆட்டம். சாத்திய அறைக்கு ஆகாது.

சோழியையும் கட்டையையும் எல்லோரும் தொடுகிறார்களே என்று அப்போது பலர் பதறினார்கள். காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்த காலம் அது. தொற்றுப் படிந்த ஒரு பொருளை ஒரு முறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. ஆட்டம் முடிந்ததும் கை கழுவினால் தீர்ந்தது.

மரத்தடிக்கு இன்னொரு நன்மை உண்டு, அது கண்ணுக்கு. சீனாவின் ஷான்டாங் மாகாணத்தில் ஃபெய்செங் என்ற ஊரில் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்கிறார்கள். 2015 முதல் 2019 வரை, ஆறு வயசுக் குழந்தைகளில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் அதிகபட்சம் 5.7 சதவீதம். 2020-இல் சில மாத வீட்டடைப்புக்குப் பிறகு சோதித்தபோது அது 21.5 சதவீதம். சோதனைக்கு வந்த பிள்ளைகள் மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல், ஆகவே இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. குவாங்சோவில் அதற்கு முன்பே வேறு திசையிலிருந்து ஒரு சோதனை நடந்திருந்தது. சில பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5.

டியூப்லைட் போட்ட அறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் ஊர்ப் பகலில் மர நிழலில்கூடப் பல ஆயிரம். அந்தப் பிரகாசம் விழித்திரையில் டோபமினைச் சுரக்க வைக்கிறது. கண்விழி முன்பின்னாக நீண்டுகொண்டே போகாமல் அது தடுக்கிறது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். விழி நீண்டால்தான் கிட்டப்பார்வை. வெயிலில் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை, நிழலே போதும் என்பது நமக்கு வசதி. மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்து உச்சி வெயிலில் எந்தப் பிள்ளையையும் எந்த அறிவியலும் விளையாடச் சொல்லாது. காலை பத்துக்குள், மாலை நாலுக்குப் பிறகு. நடுவில் நுங்கு, தூக்கம்.

ஆபத்தை எண்ணப் பழகியவர்கள் அந்தக் கோடையில் கவனித்திருக்க வேண்டிய இன்னொன்று தண்ணீர். இது ஏரி மாவட்டம். பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம் தொடங்கி ஊருக்கு ஊர் ஏரி, கிணறு. மண் அள்ளிய குழிகள், சாலவாக்கம் பக்கத்தில் தண்ணீர் நின்ற கல்குவாரிப் பள்ளங்கள் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் மட்டும் உலகில் 2,36,000 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். சிறு குழந்தைகளிடம்தான் விகிதம் மிக அதிகம். கொரோனாவுக்குப் பயந்து தெருவில் ஆடவிடாமல் துரத்தப்பட்ட பையன்கள் யார் கண்ணிலும் படாத இடத்தைத் தேடிப் போவார்கள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் அப்படிப்பட்ட இடம்தான். பெரியவர் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிற மரத்தடித் தாயம், நோய்க் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், உயிர் காக்கிற ஏற்பாடு.

தற்செயலைப் பற்றிப் பேசிவிட்டு, உத்திரமேரூரில் ஊர்ச் சபை வாரியங்களுக்குச் சீட்டெடுத்து ஆள் தேர்ந்த குடவோலை முறையைத் தொடாமல் போக முடியாது. பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921 வாக்கில், வெட்டப்பட்ட, அதை விவரிக்கும் கல்வெட்டுகள் இன்றும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. மக்களாட்சியின் தொட்டில் என்று மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. எனக்கு அதில் பிடித்தது சீட்டெடுக்கும் நுணுக்கம். முப்பது குடும்புகள், இன்றைய சொல்லில் வார்டுகள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்களின் பெயர் எழுதிய ஓலைகளைத் தனித்தனிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். சபை முன்னால் குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஒரு கட்டு எடுக்கப்படுகிறது. அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். அதிலிருந்து ஒரே ஓலை. எடுப்பது யார்? உள்ளே இருப்பது இன்னதென்று வித்தியாசம் தெரியாத ஒரு சின்னப் பையன். அவன் தரும் ஓலையை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும், கைக்குள் வேறு ஓலை ஒளித்திருக்கக் கூடாது என்பதற்காக.

இன்றைய புள்ளியியல் வகுப்பில் இதை இரண்டு கட்டச் சமவாய்ப்புத் தேர்வு என்பார்கள். குலுக்கல் எதற்கு, வித்தியாசம் அறியாத கை எதற்கு, விரிந்த உள்ளங்கை எதற்கு என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஊரடங்கு மத்தியானத்தில் ஒரு சொம்பும் பத்துத் துண்டுச் சீட்டும் போதும், யார் முதலில் ஊஞ்சலாடுவது என்ற சண்டையே தீர்ந்துவிடும். பெரியவன் மட்டும் தன் சீட்டைக் கொஞ்சம் கசக்கி வைத்து, தடவிப் பார்த்து எடுப்பான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு சபையார் எதற்காக அத்தனை நிபந்தனை போட்டார்கள் என்பது அப்போது விளங்கும்.

அடைபட்ட குழந்தைகளுக்காகவே ஒரு ஆட்டம் பிறந்த கதையும் உண்டு. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் போலியோ கோடைதோறும் பரவிக்கொண்டிருந்தது. சான் டியகோ மருத்துவமனையில் போலியோவிலிருந்து தேறிக்கொண்டிருந்த எலினோர் ஆபட் என்ற ஆசிரியை, அதே வார்டில் கிடந்த குழந்தைகளுக்காகக் 'கேண்டி லேண்ட்' என்ற பலகை ஆட்டத்தை உருவாக்கினார். 1949-இல் கடைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. எழுத்தோ எண்ணோ தெரிய வேண்டாம். சீட்டில் என்ன நிறமோ அந்த நிறக் கட்டத்துக்கு நகர வேண்டியதுதான். அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. சீட்டைக் கலைத்த கணத்திலேயே வெற்றி யாருக்கு என்று முடிவாகிவிடும்! மூன்று வயசுக்கு அது போதும். நோயில் கிடக்கிற மூன்று வயசுக்கு அதைவிட நல்லதும் இல்லை.

அதற்கு நேர் எதிர், ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று சந்திப்புகள். அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது. நம் கோயில் மண்டபத் தரைகளில் பல இடங்களில் அதன் கோடுகள் கல்லில் செதுக்கியே கிடக்கின்றன. இதன் நேபாளத்து உறவான பாக் சாலில் நான்கு புலி, இருபது ஆடு. இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் அது டிராவில்தான் முடியும் என்று கணினியை வைத்து நிறுவி 2009-இல் கட்டுரை வந்தது. ஆடுபுலியில் ஆயா பேரனிடம் வேண்டுமென்றே தோற்றால் பையனுக்குத் தெரிந்துவிடும், கோபம் வரும். தாயத்தில் அந்தத் தொல்லை இல்லை. அனுபவம் கொஞ்சம் உதவும், மீதியைக் கட்டை பார்த்துக்கொள்ளும். ஆறு வயசும் அறுபது வயசும் சமமாக உட்கார்ந்து ஆட இதைவிடத் தோதான விளையாட்டை நான் பார்த்ததில்லை.

பித்தளைக் கட்டை வீட்டில் இல்லையென்றால் புளியங்கொட்டை இருக்கும். நான்கு கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் திண்ணைக் கல்லில் வெள்ளை தெரியும் வரை தேய்க்க வேண்டும். இதற்கே ஒரு காலை ஓடிவிடும். பிறகு நான்கையும் வீசி, எத்தனை வெள்ளை மேலே வருகிறது என்று எண்ணுவது. வெள்ளையும் கறுப்பும் சரிசமமாக விழும் கொட்டைகளாக இருந்தால், 160 தடவை வீசும்போது எல்லாம் கறுப்பு சுமார் 10 முறை, ஒரு வெள்ளை 40, இரண்டு 60, மூன்று 40, நாலும் வெள்ளை 10 என்று வர வேண்டும். ஒருவர் வீச, ஒருவர் கரித்துண்டால் தரையில் கோடு போட, ஒருவர் கூட்டிச் சொல்ல என்று மூன்று பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. நாற்பது வர வேண்டிய இடத்தில் முப்பத்தைந்தோ நாற்பத்தைந்தோ வந்தால் கவலைப்பட வேண்டாம், தற்செயல் அந்த அளவுக்கு ஆடும். அறுபது வந்தால் கொட்டை ஒரு பக்கம் கனம் என்று அர்த்தம். தேய்த்தது அதிகமாகியிருக்கலாம், கொட்டையின் வடிவமே அப்படி இருக்கலாம். எந்தக் கொட்டை என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் தனித்தனியே நூறு தடவை வீச வேண்டும். அது மறுநாளைக்கு.